எர்லிண்டாவின் வாசனை நோட்டுகள்

எர்லிண்டா ஆர்ச்சுலேட்டாவைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த உரிமை எனக்கு மட்டும்தான். பியூப்லோ நகரில் அவளுடைய கஞ்சாக் கடைக்கு எதிரே பதினோரு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். தினமும் மதியம் வருவாள். பச்சை மிளகாய்க் குழம்பில் மிதக்கிற பர்கரை வழித்துத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்பாள்.

கஞ்சாக் கடை என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். கொலராடோவில் அது உரிமம் வாங்கி, வரி கட்டி, பகலில் நடத்துகிற வியாபாரம். ஆனால் மாநிலம் சரி என்பதை வாஷிங்டனில் இருக்கிற மத்திய அரசு குற்றம் என்கிறது. அந்தப் பயத்தில் வங்கிகள் கிட்டே சேர்ப்பதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! நான்கு வங்கிகள் அவள் கணக்கை மூடின. இத்தனைக்கும் இருபத்தேழு வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பணம் எண்ணியவள் அவள்.

"பொறந்த வீட்டுலயே கதவைச் சாத்திட்டாங்களாடி?" என்று கேட்பேன்.

"வாயை மூடிக்கிட்டு குழம்பை ஊத்து, பெர்னா."

போன ஏப்ரலில் விளையாட்டு வினையானது. கடைக் கட்டடத்தை அதன் சொந்தக்காரர் விற்கப் போனார். முதல் வாய்ப்பை எர்லிண்டாவுக்குத்தான் கொடுத்தார். அறுபதாயிரம் டாலர் முன்பணம், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள், வங்கி எழுதிய காசோலையாக. ரொக்கம் கூடாது. தவறினால் டென்வர்காரன் ஒருவன் வாங்கிவிடுவான். பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை தூரம், கோயிலிலிருந்து இத்தனை தூரம் என்று விதி இருப்பதால் ஊரில் அவளுக்கு வேறு இடமும் கிடையாது. அவளும் ஒன்பது வேலைக்காரர்களும் தெருவில்தான்.

ஐந்து மாதம் துருவித் துருவி விசாரித்த ஒரு சின்னக் கூட்டுறவு வங்கி, அந்த வாரம் புதன்கிழமை சம்மதித்தது. வெள்ளி காலை பத்து மணிக்கு, ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு போனோம். எல்லாம் இருபது டாலர் நோட்டுகள்.

இந்தத் தொழிலில் நோட்டெல்லாம் இலை நாற்றம் அடிக்கும். அதற்காகத் துணி உலர்த்தும் எந்திரத்தில் போடுகிற வாசனைத் தாளைக் கட்டுக்கு ஒன்று செருகி வைப்பார்கள். எர்லிண்டா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். பத்து நோட்டுக்கு ஒரு தாள் வைத்திருந்தாள், மாதக்கணக்காக.

மேலாளர் கர்ட்டிஸ் ஹோக்லண்ட் முதல் கட்டை எண்ணும் எந்திரத்தில் வைத்தார். அது மூன்று மூன்று நோட்டாக விழுங்கி, முனகி, நின்றது. இன்னொரு எந்திரமும் அப்படியே. தாளிலிருந்த மெழுகு நோட்டில் ஏறி, எல்லாம் வழுக்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"மிசஸ் ஆர்ச்சுலேட்டா, இதை என்ன பண்ணீங்க?"

"நாறக்கூடாதுன்னு..."

"நாறலை. என் பாட்டி அலமாரி மாதிரி மணக்குது. ஆனா எண்ண முடியலையே! திங்கட்கிழமை வாங்க, வேற மெஷின் வரவழைக்கிறேன்."

"திங்கட்கிழமை எனக்குக் கடையே இருக்காது!"

அவள் குரல் உடைந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், எந்திரம் வர்றதுக்கு முன்னாடி உங்க ஆளுங்க எதால எண்ணினாங்க? மூக்காலயா?" என்றேன்.

கர்ட்டிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார். "நீங்க எண்ணுங்க. பின்னாடியே நானும் ஒரு தடவை எண்ணுறேன்."

கவுன்டருக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். எர்லிண்டா கட்டைவிரலை ஈரப் பஞ்சில் தொட்டாள், ஆரம்பித்தாள். அடேயப்பா! அந்தக் கையா தினமும் என் கடையில் முள்கரண்டியைத் தவறவிடுகிறது? மூவாயிரம் நோட்டும் விசிறிபோல விரிந்து விரிந்து அடங்கின. கர்ட்டிஸ் வியர்த்து விறுவிறுத்து அவள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு ஓடினார். நடுவில், அவள் வங்கியில் இருந்த காலத்து வாடிக்கையாளர் தஃபோயா கிழவர் உள்ளே வந்து, நேரே அவள் மேசையில் தன் பென்ஷன் காசோலையை நீட்டினார்.

"எர்லிண்டா, லீவு முடிஞ்சு வந்துட்டியா? எங்கேம்மா போயிருந்த இத்தனை நாள்?"

"கஞ்சா வித்துட்டு இருந்தேன், மிஸ்டர் தஃபோயா. பேசாம இருங்க, எண்ணிக்கை விட்டுப்போகும்."

"சரி சரி. சில்லறையா கொடு."

ஒன்றே கால் மணிக்குக் கடைசி நோட்டு விழுந்தது. ஒரு டாலர் கூடவில்லை, குறையவில்லை. கர்ட்டிஸ் காசோலையை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, அவள் முன்னால் வைத்தார். அவள் அதை எடுக்கவில்லை. பணம் கட்டியவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல பாதிப் பேர் வீடு வாங்கினப்ப இந்தச் செக்கை நான்தான் எழுதிக் கொடுத்தேன், பெர்னா. என் பேரு போட்டு ஒண்ணு பாத்ததே இல்லடி."

கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் மணி ஒன்று இருபது.

"அழு, நல்லா அழு, ஆனா தள்ளி நின்னு அழு" என்றேன். "செக்குல மை கலைஞ்சா கர்ட்டிஸ் மறுபடியும் முதல்லேருந்து எண்ணச் சொல்லுவாரு."