பெரிய வெள்ளியன்று திறந்த தேன்பெட்டி

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இல்-பிசார் தீவில், எங்கள் வீட்டின் பின்வளவில், என் முதலாவது தேன்பெட்டி முதலாவது பனிக்காலத்தைக் கடந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் அதற்குத் தார்க்காகிதம் போர்த்து, மூடியையும் சேர்த்துப் பலகைத்துண்டுகளால் ஆணி அறைந்து வைத்தவர் என் கணவர். நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்த பிரெஞ்சுப் புத்தகங்கள் எதிலும் இல்லாத முறை அது. "இஞ்சத்தைக் காத்து உமக்குத் தெரியாது" என்றார்.

பெரிய வெள்ளி காலையில் வெயில் ஏறியபோது, தேனீக்கள் கால்களில் வெளிர்மஞ்சள் மகரந்தத்துடன் திரும்பின. மகரந்தம் வந்தால் உள்ளே குஞ்சுகள் வளர்கின்றன. அப்படியானால் இராணி உயிரோடிருக்கிறாள். பெட்டியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்திப் பார்த்தேன். கார்த்திகையில் இரண்டு கைகளுக்கும் அசையாதது, வெறும் பெட்டிபோல் எழுந்து வந்தது. தேன் தீர்ந்திருந்தது. கடுங்குளிரைவிட, குஞ்சுகளுக்கு ஊட்டத் தொடங்கும் இந்த நாட்களில்தான் கூட்டங்கள் பட்டினியால் அழியும் என்று வாசித்திருந்தேன். மறுநாளிலிருந்து மீண்டும் ஈரப்பனி என்றது வானொலி. அன்றே திறந்து உணவு வைத்தாக வேண்டும்.

ஆனால் திறக்க ஆணி கழற்ற வேண்டும். ஆண்டவரை அறைந்த அந்த நாளில் எங்கள் வீடுகளில் ஆணியையோ சுத்தியலையோ தொடமாட்டார்கள். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்கு உணவு ஏற்றும் என் கணவர், இந்த ஒரு நாள் விடுப்புக்காக ஆண்டவர் பிறந்த நத்தாரன்றும் வேலைக்குப் போகிறவர். கோயிலுக்கு உடுத்தத் தயாராக இருந்தவரிடம் போனேன்.

"இஞ்சாருங்கோ, மூடியைக் கழட்ட வேணும். அதுகள் பட்டினியிலை கிடக்குதுகள்."

"இண்டைக்கோ? நானும் ஒருசந்தி, வெறும் வயிறுதான். செத்தா போனன்?"

"நீங்கள் பின்னேரம் கோயிலிலை கஞ்சி குடிப்பியள். அதுகளுக்கு ஆர் காய்ச்சுறது?"

"ஞாயிறு முடியப் பாப்பம்."

"ஞாயிறு உயிர்க்கிறது ஆண்டவர். இதுகள் உயிர்க்காதுகள்."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. யன்னலால் பெட்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறையிறதுதான் பாவம்," என்றார் கடைசியில். "அண்டைக்கே பின்னேரம் ஏணி வைச்சு, ஆண்டவரை இறக்க ஆணி கழட்டினவையும் இருக்கினம்தானே."

குறட்டோடு வந்து ஒவ்வோர் ஆணியாக, ஓசைப்படாமல், அவ்வளவு பக்தியோடு இழுத்தார். கோயிலுக்கென உடுத்திய வெள்ளைச் சேலைக்கு மேல் முகவலையைப் போட்டுக்கொண்டு நான் மூடியைத் தூக்கினேன். இளஞ்சூடான மெழுகு வாசனை முகத்தில் வந்து மோதியது. தேனடை கட்டிய நடுச்சட்டத்தை உயர்த்தி வெயிலுக்குக் காட்டினேன். அறைகளின் அடியில், அறுந்த நூல் நுனிகள்போல் முட்டைகள்! ஓரச் சட்டங்களிலோ ஒரு சொட்டுத் தேனும் இல்லை. வயிறு காய்ந்த கூட்டம் அத்தனை குஞ்சுகளை நம்பிக்கையோடு வளர்த்துக்கொண்டிருந்தது.

குளிர் உள்ளே போகுமுன் சட்டத்தை இறக்கி, நடுவில் ஓட்டையுள்ள உட்பலகையால் மூடினேன். துளையிட்ட மூடியுள்ள போத்தலில் சீனி கரைத்த பாணியை நிரப்பி, பலகையின் ஓட்டைக்கு மேல் கவிழ்த்து வைத்தேன். தொடக்கத்தில் சில குமிழ்கள் எழுந்து அடங்கிவிட்டன; கவிழ்த்த எந்தப் போத்தலிலும் அது நடக்கும். தேனீக்கள் குடித்தால்தான் அடுத்தது எழும். இருவரும் குனிந்து காத்திருந்தோம். கோயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

ஒரு குமிழ் ஆடி ஆடி மேலே ஏறியது. பின்னால் இன்னொன்று.

"இஞ்சேரப்பா, குடிக்குதுகள்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.