மாதேஸ்வரியின் இடுப்புச் சாவி

மாதேஸ்வரி மத்தூர்க்காரி. ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் பல வருஷம் நின்றே வேலை பார்த்தவள். அங்கே கழிவறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கார்டு கேட்டு வாங்க வேண்டும். லைனுக்கு ஒரே கார்டு. அடக்கி அடக்கி அவளுக்கு நீர்க்கடுப்பே வந்துவிட்டது. அந்த ஆளுக்கு அவள் சாபம் விடாத நாளில்லை. கடைசியில் வேலையை உதறிவிட்டு, குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் நான் சமையல் வேலை பார்க்கும் போதை மறுவாழ்வு இல்லத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

எங்கள் இல்லம் குடிகாரர்களுக்காக ஆரம்பித்தது. அவர்கள் என்ன லேசுப்பட்டவர்களா? கழிவறை ஜன்னல் வழியாகவே குவார்ட்டர் வாங்கிவிடுவார்கள். அதனால் இல்லத்தை நடத்தும் ராஜசேகர் சார் கழிவறையைப் பூட்டி, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் திறக்கச் சொல்லியிருந்தார். சாவி மாதேஸ்வரி இடுப்பில்.

அப்போதுதான் பூங்கொடி தன் புருஷன் ஆனந்தைக் கொண்டுவந்து விட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவனுக்கு இரும்பு உருக்கும் ஃபவுண்டரியில் வேலை. குடி கிடையாது, மூக்கில் இழுக்கும் கேட்டமின் பொடி. அந்தப் பேரையே நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

வந்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு. "யக்கா, ஒரு நிமிசம் தொறங்க. போயிட்டு வந்துருதேன்."

"இப்பதானடா போன? உள்ள இன்னாத்த ஒளிச்சு வெச்சிருக்க?" என்பாள் மாதேஸ்வரி.

அடிவயிறு வலிக்கிறதென்று அவன் சுருண்டு படுத்தபோது, உலை வேலை பார்த்த உடம்புச் சூடு என்று நாங்களே முடிவுகட்டி மோர் கொடுத்தோம். உள்ளே புண்ணாகிக் கிடந்தவனுக்கு மோர்.

ஒரு மத்தியானம் மாதேஸ்வரி, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று அவனை உள்ளே விட்டு, பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினாள். பொடி இல்லை. பீங்கான் முழுக்க ரத்தம். அவன் சுவரைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவனைக் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் டாக்டரம்மா காரணத்தைச் சொன்னார். அந்தப் பொடி மூத்திரப்பையை அரித்துவிடுமாம். அவனுடையது சுருங்கி, டீ கிளாஸ் அளவுகூடத் தாங்காதாம்.

"வலிக்கு மருந்து குடுக்காம பூட்டி வெச்சா, வெளிய வந்ததும் வலிக்காகவே மறுபடி அதைத்தான் இழுப்பாங்க. பொழைச்சுக்குவாரு. பை பழையபடி ஆகுமான்னு சொல்ல முடியாது" என்றார்.

பூங்கொடி எங்களைப் பார்த்தாள். "அங்க பூட்டி வச்சது யாரு, யக்கா?"

மாதேஸ்வரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். "நான்தாம்மா."

இப்போதெல்லாம் பொடிக்காரர் யார் வந்தாலும் முதலில் ஆஸ்பத்திரியில் பரிசோதனை, வலிக்கு மருந்து; அப்புறம்தான் சேர்க்கை. அதற்கு ஒத்துக்கொண்ட ராஜசேகர் சார், கழிவறை விஷயத்தில் மட்டும் விடாமல் புதுப் பூட்டு வாங்கி வந்தார்.

மாதேஸ்வரி கதவை மறித்து நின்றாள். "வேணாம் சார். கம்பெனில அந்த ஆளுக்கு நான் விட்ட சாபம் பூரா எனக்கே வந்து சேந்துடுச்சி."