கழுவக் கூடாத கல்

சங்கரபாண்டிக்கு முப்பது வருஷமாக உப்பு என்றாலே ஆகாது. புதூர் வட்டாரத்தில் போர் போடும் வண்டியில் வேலை. கரிசலில் எத்தனை அடி இறக்கினாலும் பாதிக் காட்டில் உப்புத் தண்ணீர்தான். மேலே வந்த கல்லை ஒரு குவளை நல்ல தண்ணீரில் கழுவிப் பார்ப்பான். ஊற்று வந்தால் ஒரு சொட்டை நாக்கில் வைத்து முகம் சுளிப்பான். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்.

அப்படிப்பட்டவன் உப்பைத் தேடுகிற வேலைக்கே போனதுதான் வேடிக்கை. அணுஉலைக் கழிவை ஆயிரக்கணக்கான வருஷம் புதைத்து வைக்க, பூமிக்கடியில் கிடக்கும் உப்புப் பாறை தாங்குமா என்று வடக்கே ஒரு பாலைவனத்தில் ஆராய்ச்சி. துளை போடப் பழகின ஆள் வேண்டும் என்றார்கள், போனான். கழுத்தில் போட்டோ போட்ட அடையாள அட்டை வந்தது. வாழ்க்கையில் அவன் வேலைக்கென்று மாட்டிய முதல் அட்டை. லீவில் வந்தால் விளாத்திகுளம் பஸ்ஸில்கூடக் கழற்ற மாட்டான். கண்டக்டர் ஒருமுறை சல்யூட் அடித்துக் கிண்டல் செய்தார்.

இந்த லீவில் அட்டை ஆணியில் தொங்கியது. உளுந்து விதைக்க வந்தவன் விதை மூட்டையைப் பிரிக்கவேயில்லை. சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் திடுக்கிட்டான். மூன்றாம் நாள் மனைவி ஆவுடைத்தாயிடம் உடைத்தான்.

"நானூத்திப் பன்னெண்டாவது மீட்டர்ல வந்த உப்புக்கல்லு. நடுவுல விரல் தண்டிக்கு ஈரக் களிமண்ணு. பழக்க தோஷத்துல குடிக்குத தண்ணிய ஊத்திக் கழுவிட்டேன். மண்ணும் போச்சு, உப்பு கரைஞ்சு கல்லுலயும் பள்ளம் விழுந்துட்டு. தொடைச்சுப் பெட்டியில வச்சிட்டேன்."

"யாரும் பாத்தாவளா?"

"இல்ல."

"பின்ன என்ன? வாய மூடிட்டு இருங்க."

வாயை மூடலாம், காதில் விழுந்ததை மறக்க முடியுமா? முதல் நாளே சொல்லியிருந்தார்கள். உப்புக்கல்லில் நல்ல தண்ணீர் படக் கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். ஈரம் வந்த வழியாகவே கழிவின் விஷமும் வெளியேறிவிடும்.

அன்று சாயங்காலம் ஆராய்ச்சிக் குழுவின் ஜீனா கூப்பிட்டாள். தூத்துக்குடிக்காரி.

"அண்ணாச்சி, நானூத்திப் பன்னெண்டுல ஒரு பள்ளம் இருக்கு. மெஷின் பட்டதா? இன்னைக்கு ரிப்போர்ட் அனுப்பணும். மெஷின் பட்டதுன்னா அந்தப் பாறை பாஸ்."

'ஆமா' என்று ஒரு சொல் போதும். எதிரில் நின்ற ஆவுடைத்தாய் சொல்லு, சொல்லு என்று தலையை ஆட்டினாள். போர் போட்ட காலத்தில் உப்புத் தண்ணீர் வந்தால் காட்டுக்காரரிடம் அவன் அங்கேயே சொல்லிவிடுவான். அவரும் திட்டிவிட்டு வேறு இடம் பார்ப்பார். இந்த விஷம் கலந்த தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவேயில்லை.

"மெஷின் இல்லம்மா. அங்கன ஈரக் களிமண்ணு இருந்துச்சு. நான்தான் கழுவிட்டேன்."

ஆவுடைத்தாய் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவாவது சொன்னீங்களே. பக்கத்துல வேற துளை போட்டுப் பாக்கணும்." ஜீனாவின் குரல் இறங்கியது. "ஆனா மறைச்சதுக்கு இனி உங்கள வேலையில வச்சிக்கிட மாட்டாவ, அண்ணாச்சி. கார்டக் கூரியர்ல அனுப்பச் சொல்லுவாவ."

"அனுப்புதேன்." ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தான். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேம்மா. புதுசா வாரவன் எங்க பக்கத்துல போர் போட்ட ஆளுன்னா, அவன் கைக்கு எட்டுத தூரத்துல தண்ணிப் பாட்டில வைக்காதீங்க."