கருப்பட்டி வடிந்த கண்ணாடி

பதினாறு வருடம், ஒரு கோழி. தனியார் பஸ் டிரைவர் ஜேசுதாசன் சாலையில் செய்த சேதம் மொத்தமே அவ்வளவுதான். அந்தக் கோழியும் ஆத்தூரில் தானாக வந்து விழுந்தது என்பார்.

நாசரேத்தில் அவர் வீட்டில் அப்பா, இரண்டு அண்ணன்மார், தங்கை என எல்லோரும் ஆசிரியர்கள். இவர் ஒருவர்தான் ஸ்டியரிங் பிடிக்கப் போனார். ஆனாலும் வாத்தியார் ரத்தம் விடவில்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டால் தினமும் காலையில் கண்டக்டர் ரோச்சுக்குப் பாடம் நடக்கும்.

"ஏலே, தேங்கின தண்ணிக்குள்ள இறங்கி ஏறினா பிரேக்க ரெண்டு தடவ அமுக்கிப் பாக்கணும். ஏன் சொல்லு."

"நனைஞ்ச பிரேக் பிடிக்காது அண்ணாச்சி. நேத்தும் இதத்தான கேட்டிய?"

"நாளைக்கும் கேப்பேன்."

1974 நவம்பரில் அவர் சட்டைப் பையில் இரண்டு மெமோ இருந்தன. மழையில் மெதுவாக ஓட்டித் தாமதமாக வந்ததற்காக முதலாளி கொடுத்தவை. மூன்றாவது வந்தால் உடன்குடி - தூத்துக்குடி லைனிலிருந்து தூக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த லைனின் ஒவ்வொரு பள்ளமும் ஜேசுதாசனுக்கு மனப்பாடம். அதை விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

அந்தப் புதன்கிழமை காலை உடன்குடியில் வியாபாரி வன்னியபெருமாள் பன்னிரண்டு ஓலைச் சிப்பம் கருப்பட்டியைப் பஸ் கூரையின் முன்பக்கம் ஏற்றினார். மழை நாளில்தான் கருப்பட்டிக்கு விலை.

"தார்ப்பாய் எங்க?" என்றார் ஜேசுதாசன்.

"பனையோலை வே. ஒரு சொட்டு இறங்காது. முப்பது வருசமா கட்டுதேன்."

"முப்பது வருசமும் மழைக்குள்ளயா கட்டுனீரு?"

வன்னியபெருமாள் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பழையகாயல் தாண்டி, சாலைக்கு இருபுறமும் உப்பளம் தொடங்கிய இடத்தில் மழை கொட்டியது. சிறிது நேரத்தில் முன்கண்ணாடியில் பழுப்பாக ஏதோ இறங்கியது. சேறு என்று நினைத்து வைப்பரைப் போட்டார். வைப்பர் அதைக் கண்ணாடி முழுவதும் இழுத்துப் பூசியது. எதிரே சாலையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. பிரேக்கை மெல்ல அமுக்கி வண்டியை நிறுத்தினார். ஜன்னல் வழியே கையை நீட்டி ஒரு விரலால் கண்ணாடியைத் தொட்டு நாக்கில் வைத்தார். இனித்தது.

"அண்ணாச்சி, உம்ம சரக்கு கீழ வருது."

வன்னியபெருமாள் எழுந்து நின்றுவிட்டார். "கரையுதுல்லா? பின்ன ஏன் நிக்கீரு, வெரசா விடும் வே."

"கண்ணு தெரியாம எங்கன விட?"

"தலைய வெளிய நீட்டி ஓட்டிருங்க அண்ணாச்சி," என்றான் ரோச் தயங்கித் தயங்கி. "மூணாவது மெமோ..."

"தலை போனா மெமோவ எங்க ஒட்டுவான்?"

பின்னால் கிளம்பிய இன்னொரு கம்பெனி பஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கடந்து போனது. துறைமுக வேலைக்குப் போகிற பயணிகள் முணுமுணுத்தார்கள். மணப்பாட்டிலிருந்து வந்து உடன்குடியில் ஏறியிருந்த ஆக்னஸ், "அவுக போறாக, நம்ம இங்கன உக்காந்து செபமாலை சொல்லுவோம்," என்றாள்.

ஜேசுதாசன் மூன்று முறை இறங்கிக் கண்ணாடியைக் கழுவினார். மூன்று முறையும் மேலிருந்து புதிதாக வழிந்தது. நான்காவது முறை அவர் கழுவவில்லை. சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்தார்.

"பன்னெண்டு சிப்பமும் உள்ள வந்தாத்தான் வண்டி எடுப்பேன்."

"உள்ள எங்க வைக்க? எம் மடியிலயா?" என்றாள் ஆக்னஸ்.

"ஆமா."

வெளியே மழை, உள்ளே கருப்பட்டி வாசனை. பத்து நிமிடம் கழித்து, "சேலையில ஒட்டினா இவருதான் துவைக்கணும்," என்று வன்னியபெருமாளைக் காட்டிவிட்டு ஆக்னஸே முதல் சிப்பத்துக்குக் கை நீட்டினாள். ரோச் கூரையில் ஏறி ஒவ்வொன்றாக இறக்க, ஆளுக்கொன்றாக மடியில் வாங்கிக்கொண்டார்கள். வன்னியபெருமாளுக்கு மட்டும் இரண்டு கொடுத்தார்கள்.

கடைசியாக ஜேசுதாசன் கண்ணாடியைத் துடைத்தார். மழை சற்றுத் தணிந்திருந்ததால், மூன்று முறை இறங்கியும் கவனிக்காததை அப்போதுதான் பார்த்தார். வண்டி சாலையின் வலது ஓரத்தில் நின்றிருந்தது. முன்சக்கரத்துக்கும் உப்பளத்துப் பாத்திக்கும் நடுவே இரண்டு அடி மண்கூட இல்லை. அவர் நேராக ஓட்டியதாகத்தான் நினைத்திருந்தார். ரிவர்ஸ் போட்டார். இடப்பக்கம் வந்ததும் பிரேக்கை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார்.

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ஐம்பது நிமிடத் தாமதம் என்று குறித்தார். "காரணம் என்ன போட?"

"கருப்பட்டின்னு போடும்."

"விளையாடுதீரா?"

"ஏறி அந்த அம்மா சேலையப் பாரும் வே."

டைம் கீப்பர் ஏறிப் பார்க்கவில்லை. 'டிரைவர் அலட்சியம்' என்று எழுதினார்.

மூன்றாவது மெமோ வெள்ளிக்கிழமை வந்தது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஜேசுதாசன் சாத்தான்குளம் லைனில் ஓட்டினார்.