சாயம் ஏறாத இடம்

கடலூர் பஸ்ஸுக்காக மேல்பட்டாம்பாக்கத்தில் நிற்கிறேன். இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. மழை வலுக்கவே எதிரிலிருக்கும் தோல்பைக் கடைக்குள் ஒதுங்குகிறேன்.

கடைக்கார பாய் கையுறை போட்டுக்கொண்டு, தைத்து முடித்த பையொன்றை ஈரத்துணியால் துடைக்கிறார். பிறகு பஞ்சில் பழுப்புச் சாயம் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்.

“வெறுங்கை படவே கூடாதுங்க. பிசுக்கு இருந்தா அந்த எடத்துல சாயம் ஏறாது.”

பை முழுக்க நிறம் சீராகப் பிடிக்கிறது. நடுவில் மட்டும் ஒரு திட்டு வெளுப்பாகவே நிற்கிறது. மறுபடி தேய்க்கிறார். திட்டு விரல் விரலாகப் பிரிந்து ஒரு முழுக் கையாகிறது. அதன் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது.

“தோல் வந்ததுலருந்து என்னத் தவிர யாரும் தொடலயே” என்றபடி பாய் தன் கையை அதன் மேல் பிடித்துப் பார்க்கிறார். பொருந்தவில்லை.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் எனக்குச் சுண்டுவிரல் அப்படித்தான் வளைந்துபோனது. கையை மெதுவாகப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விடுகிறேன்.

பாய் நிமிர்கிறார். “சார், உங்க கையக் கொஞ்சம் காட்டுங்க.”

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி மழையில் இறங்குகிறேன். சாலையில் ஒரு வண்டியும் இல்லை.