தனியே போன பியற்றிஸ்

பியற்றிஸ் லண்டனுக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. நெதர்லாந்தில் இருபது வருடம் குடும்பம் நடத்திவிட்டு ஒரேயொரு சூட்கேசோடு வந்தாள். கணவன் றொனால்ட் குடிப்பவனுமில்லை, அடிப்பவனுமில்லை. அதனால்தான் அவள் ஏன் விட்டுவிட்டு வந்தாள் என்பது சொந்தக்காரர் ஒருவருக்கும் பிடிபடவில்லை. அவளை எங்கேயும் தனியே போக விடமாட்டான், அவ்வளவுதான். கடைக்கு அவன் காரில், கோயிலுக்கு அவன் காரில், வேலைக்கும் அவன் காரில். அந்த நாட்டை அவள் காரின் முன்கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். ஒருநாள் பூ பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும், வாசலில் நின்ற காரில் ஏறாமல் பஸ்சில் ஏறி வீட்டுக்குப் போனாள். அதற்கு நடந்த சண்டை ஒரு கிழமைக்கு ஓயவில்லை. ஒரு பஸ்சுக்கே இந்தப் பாடென்றால் இனி இங்கே என்ன இருக்கிறது என்று தோன்றியது. டச்சுக் கடவுச்சீட்டு கையில் இருந்தது; அதை வைத்து விசா இல்லாமல் லண்டனில் குடியேறலாம் என்ற காலம். புறப்பட்டுவிட்டாள்.

அண்ணன் கஸ்பருக்கு அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை. பின்னறையை ஒழித்துத் தந்தார்.

"கொஞ்ச நாள் இரு. நான் றொனால்டோட கதைக்கிறன்" என்றார்.

"கதைக்கிறதெண்டால் கதையுங்கோ அண்ணை. நான் போகமாட்டன்."

பக்கத்துப் பாடசாலைச் சமையலறையில் வேலை கிடைத்தது. பின்னேரங்களில் அண்ணனின் கடையில் நின்றாள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் யாராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தேத்தண்ணி குடித்தபடி, குடும்பம் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று தொடங்குவார்கள். அவள் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

அப்படியொரு ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ரயிலேறினாள். சென்ட்ரல் லைன் எங்கே போய் முடிகிறதென்று பார்ப்போம் என்பதைத் தவிர வேறு நோக்கமில்லை. எப்பிங்கில் முடிந்தது. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் காடு.

மரங்களுக்குள் நுழைந்ததும் கால் தயங்கியது. பத்தொன்பது வயதில், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், மன்னாரிலிருந்து மடு மாதா கோயிலுக்குக் காட்டுவழியே சனத்தோடு சனமாக ஓடியவள் அவள். தலைக்கு மேல் ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றியது. கஸ்பர் ஒரு கையில் அம்மாவையும் மறுகையில் அவளையும் இழுத்துக்கொண்டு போனார். எப்பிங்கிலும் கொஞ்சநேரம் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தபடிதான் நடந்தாள். மேலே போனது ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் இறங்கப்போகிற பயணிகள் விமானம். பிறகு வழி தவறினாள். ஒரு நாயோடு வந்த வெள்ளைக்காரி வழிகாட்டினாள். வழி தெரிந்த பிறகும் வேண்டுமென்றே வேறு பக்கம் போனாள். சப்பாத்தெல்லாம் சேறாக வீடு திரும்பியபோது பசி வயிற்றைக் கிள்ளியது. இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கென்ட், சசெக்ஸ் என்று போனாள். வரைபடம் பார்க்கப் பழகினாள். கூடாரம் ஒன்று வாங்கி, வேல்சில் ஒரு மலையடியில் தனியே படுத்தெழும்பினாள். கேட்டவர்களுக்கு, "சும்மா நடந்திட்டு வந்தனான்" என்றாள்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு, மே மாதக் கடைசியில் பாடசாலைக்கு ஒரு கிழமை விடுமுறை வந்தபோது, ஸ்கொட்லாந்தின் நொய்டார்ட் மலைகளைக் கடக்கப்போவதாக வீட்டில் சொன்னாள். வீதியே போகாத இடம். ரயிலை விட்டு இறங்கினால் நாலு நாள் நடை, முடிவில் கடலோரத்தில் ஒரு சின்னக் கிராமம்.

கஸ்பர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "விசரே உனக்கு? ஆரோட போறாய்?"

"தனிய."

"ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"நடக்கப் போட்டாள் எண்டு சொல்லுங்கோ."

அண்ணி மேரிசாந்தி இடையில் புகுந்தாள். "மச்சாள், ஒரு குறூப்போட போகலாமே? இப்ப எத்தினை பேர் அப்பிடிப் போகினம்."

"குறூப்பாப் போறதெண்டால் நான் இஞ்சையே இருந்திடுவன் மச்சாள். இஞ்சையும் குறூப்தானே."

வியாழன் பின்னேரம் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

முதல் இரண்டு நாளும் வெயில். மான் கூட்டங்களையும் மலைச்சரிவில் காய்ந்துபோன புல்லையும் தவிர வேறெதையும் காணவில்லை. வாய்விட்டுப் பாட்டுப் பாடினாள். குரல் நன்றாயில்லை என்று சொல்ல அங்கே யாருமில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்தது. விடிய விடியப் பெய்து, வியாழன் காலையில் அவள் ஓர் ஆற்றங்கரைக்கு வந்தபோது, வரைபடத்தில் மெல்லிய நீலக்கோடாகக் கிடந்தது கபில நிறத்தில் உறுமிக்கொண்டு போனது.

கடந்தால் பின்னேரம் கிராமம். கடக்காவிட்டால் அண்ணனுக்குப் போன் இல்லை; மலைக்குள் சிக்னல் கிடையாது.

இறங்கினாள். முழங்காலுக்கு வந்த தண்ணீர் அடுத்த எட்டில் தொடைக்கு ஏறியது. குளிர் எலும்பைப் பிடித்தது. காலுக்குக் கீழே ஒரு கல் புரள, கையிலிருந்த ஊன்றுகோலை ஆறு பிடுங்கிக்கொண்டு போனது. பைச்சுமை ஒரு பக்கம் இழுத்தது. எப்படித் திரும்பினாள், எந்த வேரைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கரையில் விழுந்து கிடந்து மூச்சு வாங்கினாள்.

மூச்சு வந்த பிறகு கோபம் வந்தது. ஆற்றின் மேல் அல்ல. இந்த ஆற்றில் இறங்கக்கூடாதென்று பார்த்தவுடனேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் எதற்கு இறங்கினாள்?

"அண்ணையின்ர ஏச்சுக்குப் பயந்தோ ஆத்துக்குள்ள இறங்கினனீ?" என்று தன்னைத்தானே கேட்டாள். குரல் உரக்கவே வந்தது. "இவ்வளவு தூரம் வந்தும் ஏச்சுக்குப் பயமோ?"

மேட்டில் கூடாரம் அடித்தாள். நனைந்ததைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, நூடில்சைக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டாள். ஆறு வற்றட்டும் என்று படுத்திருந்தாள். மழை வெள்ளி மத்தியானம்தான் ஓய்ந்தது. சனிக்கிழமை காலை, ஆற்றோடு மேலே நடந்து, அகலமாகப் பிரிந்து ஓடும் இடத்தைப் பார்த்து இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை.

இங்கே லண்டனில் வியாழன் பின்னேரமே கஸ்பர் ஸ்கொட்லாந்துப் பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார். அங்கே ஆறுகள் பெருகியிருக்கின்றன, விவரம் தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள், பொறுங்கள் என்றார்கள். அவரால் பொறுக்க ஏலவில்லை. கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் தங்கையைக் காணவில்லை என்று போட்டார். கையில் வேறு படம் இல்லாததால் அவளுடைய கல்யாணப் படத்தை வெட்டிப் போட்டார். ஓரத்தில் றொனால்டின் தோள் தெரிந்தது. செய்தி சுற்றிச் சுழன்று றொனால்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை பின்னேரம், பொலிஸ் முன்பே விசாரித்திருந்த கிராமத்துத் தேநீர்க் கடைப் பெண் பியற்றிசைக் கண்டதும், "நீங்கள்தானே பியற்றிஸ்? லண்டனே உங்களைத் தேடுகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கேக் துண்டொன்றைத் தட்டில் வைத்தாள். பொலிசுக்கு அந்தப் பெண்ணே தகவலும் சொன்னாள். பியற்றிஸ் போனை ஒன் பண்ணியதும் முதலில் வந்தது றொனால்டின் அழைப்பு.

"நான் அப்பவே சொன்னனான், உனக்குத் தனிய ஒண்டும் ஏலாதெண்டு."

"ஏலும் எண்டபடியால்தானே கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லித் துண்டித்தாள்.

அண்ணனுக்கு எடுத்தபோது ஏச்சை எதிர்பார்த்தாள். அவர் அழுதார். மடுவுக்கு ஓடிய நாட்களில்கூட அவர் அழுது அவள் கண்டதில்லை.

"இனிப் போகமாட்டன் எண்டு சொல்லு பியற்றி."

"நாளைக்கு வாறன் அண்ணை. நான் சுகமா இருக்கிறன்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை, அவள் ஒப்புக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் தேத்தண்ணி நேரம். வெயிலில் கறுத்து, பூச்சிக்கடித் தழும்புகளோடு நின்றவளை எல்லாரும் பார்த்தார்கள். கஸ்பர் எழுந்து நின்றார்.

"செபிச்ச எல்லாருக்கும் நன்றி. மாதாதான் காப்பாத்தினா. தங்கச்சி இனி உந்த வேலைக்குப் போகமாட்டா. எனக்குச் சொல்லிப்போட்டா."

பியற்றிஸ் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை. செபிச்சவைக்கு நன்றி. ஆனா நான் துலைஞ்சு போகேல்லை. ஆறு பெருகியிருந்தது, வத்துமட்டும் இருந்தனான். ஒக்டோபர் லீவுக்குத் திரும்பப் போறன்."

பங்குச் சபையில் இருந்த தவராசா எழுந்தார். நல்ல மனிதர், அவரும் அதே காட்டுவழியே மடுவுக்கு ஓடியவர். "காட்டுக்குள்ள நாங்கள் பட்டது போதாதே பிள்ளை?" என்றார். உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

"அப்ப துரத்தினவங்கள், ஓடினம். இப்ப என்னை ஆரும் துரத்தேல்லை. விருப்பமான பக்கம் நடக்கிறன். அதையும் விடச் சொல்லுறியளோ?"

தவராசா உட்கார்ந்துவிட்டார்.

கஸ்பர் அன்றைக்கு அவளைக் காரில் ஏற்றவில்லை. அவள் பஸ்சில் போனாள். அந்தக் கோடையிலேயே லண்டனின் இன்னொரு பக்கத்தில், வால்தம்ஸ்டோவில் ஓர் அறை எடுத்து மாறினாள். கிறிஸ்மஸ் வரை அண்ணன் கதைக்கவில்லை. சொன்னபடி ஒக்டோபரில் போனாள். போகுமுன், சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பும் சின்னக் கருவியொன்றை வாங்கிக்கொண்டாள். யாரும் சொல்லி வாங்கியதில்லை, அண்ணனின் அழுகைக்காக வாங்கியது. ஒவ்வொரு பின்னேரமும் அண்ணனுக்கு "இருக்கிறன்" என்று ஒரு சொல் அனுப்பினாள். பதில் வரவில்லை. இப்போது எல்லாம் கதைக்கிறார்கள், மலையைப் பற்றி மட்டும் அவர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. தன் வழியில் அவர் பிடிவாதம், அவள் வழியில் அவள்.

போன வசந்தத்தில் மேரிசாந்தி வால்தம்ஸ்டோவுக்கு வந்தாள். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கடைக்கணக்கும் மகனின் படிப்பும் கதைத்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"மச்சாள், அடுத்தமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போமன்."

"ஏலாது."

மேரிசாந்தியின் முகம் சுருங்கியது.

"என்னோட வந்தால் நீர் என்ர முதுகைப் பாத்துக்கொண்டுதான் நடப்பீர்" என்றாள் பியற்றிஸ். "எப்பிங்குக்குத் தனிய போம். ஒரு பகல். போட்டு வந்து சொல்லும்."

அடுத்த செவ்வாய் மேரிசாந்தி கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் ரயிலேறினாள். வழி தவறி, பாண் துண்டுக்குள் வைத்திருந்த சம்பலைக் காட்டில் மேயவிட்டிருந்த ஒரு மாடு மோப்பம் பிடிக்க, பயந்து ஒரு குளத்தைச் சுற்றி ஓடி, பொழுது சாய்கிற நேரத்தில் வேறொரு ரயில் நிலையத்தில் வந்து சேர்ந்தாள். அங்கிருந்து பியற்றிசுக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், நான் எங்க நிக்கிறன் எண்டே தெரியேல்லை" என்றாள். குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.