வேலை கேட்டு வந்த கணினி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "அப்போது அங்கே வேறு யார் இருந்தார்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். நாளிதழில் நிருபராக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பொன்னேரி வட்டாரத்தில் என்னிடம் வந்த கதைகளில் பாதி அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும். மீதி, பகலில் நேரில் போய்ப் பார்த்தால் விழும். நான் இவற்றை நம்பியதில்லை, நம்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமையும் இருந்ததில்லை. ஆனால் நான் இப்போது சொல்லப்போவது பகலில் நடந்தது. நானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இனி நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

குப்பத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று மேகலா கேட்டுக்கொண்டாள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டில், முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிறது என்பது போதும். மேகலா அந்த ஊர்ப் பெண். கணினி படித்துச் சென்னையில் வேலை பார்த்தவள், திரும்பி வந்து மீனவர் சங்கக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறையைப் பிடித்தாள். ஒரு கல்லூரி கழித்துக் கட்டிய பழைய கணினிகளை வரிசையாக இணைத்தாள். நாளைக்குக் காற்றும் அலையும் எப்படியிருக்கும் என்று கணக்கிட்டு ஊர்க்காரர்களின் போனுக்கு அனுப்புவாள். அதைப் பற்றி முன்பு ஒரு கட்டுரை எழுதியதில் எனக்குப் பழக்கம். என்னை அக்கா என்பாள்.

கார்த்திகை மழையில் ஒரு காலை அவளிடமிருந்து போன் வந்தது. "அக்கா, வினோத் போட் இன்னும் வரல. தெரிஞ்ச ஆபீசருங்க யாரையாவது புடிங்கக்கா."

வினோத் அவளுடைய தம்பி. முந்தைய நாள் அவனும் பழவேற்காடு டவுனைச் சேர்ந்த அவன் கூட்டாளி ரஃபியும் ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருந்தார்கள். மாலையில் மேகலாவுக்குப் போன் செய்து இன்ஜின் உட்கார்ந்துவிட்டது என்றிருக்கிறான். அதற்குப் பிறகு சத்தமில்லை. இரவு முழுக்க வாடைக்காற்று வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

நான் போனபோது குப்பத்தில் மின்சாரம் இல்லை, கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பெரிய படகுகள் வர வானிலை தெளிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அதிகாரி சொல்லிவிட்டார். ஊர்ப் படகுகள்தான் போக வேண்டும். சாலையில் வெள்ளம் என்பதால் ஊரில் இருந்த டீசலோடு சரி. ஒரு திசையில்தான் தேட முடியும்.

எந்தத் திசை என்று சொல்ல வேண்டியவள் மேகலா. போன் கடைசியாகப் பேசிய இடத்தில் ஒரு படகை வைத்து, காற்று கொஞ்சம் கூடினால் எங்கே போகும், நீரோட்டம் கொஞ்சம் திரும்பினால் எங்கே போகும் என்று ஆயிரக்கணக்கில் கணக்குப் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வேலை. அவளுடைய பழைய கணினிகள் அதை முடிப்பதற்குள் தம்பி செத்துப்போவான். அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்த தோழியைப் பிடித்து, உலகத்தில் எங்கெங்கோ சும்மா இருக்கும் கணினிகளைச் சில மணி நேரத்துக்குக் கடன் வாங்கியிருந்தாள்.

எப்படி என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"கூலிக்கு ஆள் எடுக்கற மாதிரிதான்க்கா. நம்ம ப்ரோக்ராம் ஒண்ண அந்த ஊரு மெஷின்ல போய் உக்கார வெப்போம். அது அங்கேந்து நம்மளக் கூப்ட்டு 'வேலை இருக்கா'ன்னு கேக்கும். குடுப்போம். முடிச்சிட்டு மறுபடி கேக்கும். நேரம் முடிஞ்சா கெளம்பிடும். அதுவரைக்கும் அதுவும் நம்ம ரூம்ல கீற மெஷின் மாதிரிதான்."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இருந்த பட்டியல் நீண்டது. ஒவ்வொரு விருந்தாளியும் தன் ஊர் முகவரியோடு வந்து சேர்ந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்து ஒரு புள்ளியைத் திருப்பித் தந்தது. வரைபடத்தில் புள்ளிகள் காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே கடலில் மொய்த்தன. எல்லாம் தெற்கு. மேகலாவின் அப்பா தேசப்பன் படியில் நின்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார், இருந்த டீசலையெல்லாம் ஊற்றிக்கொண்டு படகுகள் தெற்கே கிளம்பின. அடுத்த புள்ளிகளைப் போனில் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்கள். தேசப்பன் மட்டும் கீழே ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு கணினி வேலையைத் திருப்பித் தரவில்லை என்று மேகலா கவனித்தாள். இது சாதாரணம் என்றாள். அதைப் பட்டியலிலிருந்து நீக்கினாள். அது மறுபடி வந்து வேலை கேட்டது, அதே வேலையை எடுத்துக்கொண்டது. மறுபடி நீக்கினாள், மறுபடி வந்தது. எந்த ஊரிலிருந்து என்று பார்த்தவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"இந்த ரூம் அட்ரஸ் காட்டுதுக்கா."

அறையில் இருந்த கணினிகளை நான் எண்ணினேன், அவளும் எண்ணினாள். மேசைக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு கம்பியையும் பிடித்துக்கொண்டே போய் அது எங்கே முடிகிறது என்று பார்த்தேன். திரை காட்டிய முகவரி எண்ணில் அங்கே எந்தக் கணினியும் இல்லை. பக்கத்தில் யாராவது நம் இணைப்பைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டேன். மோடத்தைக் கழற்றி மாட்டினாள். எல்லாம் போய் எல்லாம் திரும்பி வந்தன, அதுவும் வந்தது.

அந்த ப்ரோக்ராம் முடிவை மட்டும் அனுப்புவதில்லை, நடுவில் படகு எங்கே இருக்கிறது என்றும் எழுதிக்கொண்டே வரும். அதைத் திறந்தாள். மற்றவை ஒரு முழு நாளின் நகர்வைச் சில நிமிடங்களில் ஓடி முடித்தவை. இது மெதுவாகப் போனது, ஆள் நடக்கிற வேகத்தில். அதைவிட, வடக்கே போனது. காற்றுக்கு எதிராக, நீரோட்டத்துக்கு எதிராக, கரையை ஒட்டி முகத்துவாரத்தை நோக்கி.

"குப்பை. கணக்கு எங்கியோ கெட்டுப்போச்சு," என்றாள். ஆனால் அதை மூடவில்லை.

வெளியே மழை வலுத்து ஏரியும் கடலும் ஒன்றாக வெளுத்துப்போயிருந்தன. அந்த மாதம் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது, உள்ளே வரும் படகை ஆட்கள் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் மேட்டைத் தாண்டும். அவளுடைய வரைபடத்திலோ ஏரியே கிடையாது. கடலை மட்டும் கணக்கிடும் வரைபடம் அது, முகத்துவாரத்துக்கு அப்பால் எல்லாம் நிலம். படகு நிலத்தைத் தொட்டால் கணக்கு நின்றுவிட வேண்டும், அப்படித்தான் எழுதியிருந்தாள். புள்ளி முகத்துவாரத்தைத் தொட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், விட்டு விட்டு, இழுத்து மூச்சு வாங்கி மறுபடி இழுப்பதுபோல நிலத்துக்குள் நகர்ந்தது.

மேகலா எழுந்து படிக்கட்டில் நின்று கத்தினாள். "நைனா! ஜெனரேட்டர்ல கீற டீசல எடு. ஏரி போட்ல ஊத்து."

தேசப்பன் மேலே வந்தார். "பைத்தியமாமே உனக்கு? தெக்கால போனவங்க உன் போனுக்குத்தான் காத்துக்கினு கீறாங்க. ஜெனரேட்டர் நின்னா அவுங்களுக்கு இன்னா சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல முடியாது."

"எங்க போவணும்?"

திரையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். "ஏரிக்குள்ளயா? மணலு மூடிக்கினு கீது. இன்ஜின் செத்த போட்டு பறந்து வந்துச்சா?"

"தப்புன்னு தெரியும் நைனா. வெறும் கணக்குத் தப்புன்னா கரையத் தொட்டதும் நின்னிருக்கணும். அது நிக்கல."

"உன் தம்பி உசுருமே அது."

"எனக்குத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்டிருந்தால் தெற்கு என்றுதான் சொல்லியிருப்பேன். மேகலாவே இறங்கிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினாள். அறையில் விசிறிகளின் சத்தம் அடங்கியதும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர்களோடு நானும் படகில் ஏறினேன். தேசப்பன் வழி முழுக்கத் தெற்கே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். மழை முகத்தில் அறைய, ஏரியின் மேற்குக் கரையை நோக்கி, ஆரம்பாக்கம் திசையில் போனோம். மேகலா பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த போனில் கடைசியாகப் பார்த்த புள்ளியையும் அது போன திசையையும் குறித்துவைத்திருந்தாள். எனக்குள் ஓடியதெல்லாம், தெற்கே அந்தப் பையன்கள் கிடந்தால் இவள் இதற்குப் பிறகு எப்படி வாழ்வாள் என்பதுதான்.

ஒரு சேற்றுத்திட்டில் சாய்ந்து கிடந்தது படகு. முதலில் எழுந்து கையாட்டியவன் ரஃபி.

"இன்னாக்கா, இவ்ளோ நேரம் கழிச்சு வர்றீங்க, பிரியாணியாவது கொண்டாந்தீங்களா?" என்றவன் அடுத்த நொடி குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டான். வினோத்துக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. தேசப்பன் சேற்றில் குதித்துப் போய் மகனை இரண்டு அறை விட்டார், அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் படகைச் சுற்றி வந்து பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாக மணல் உரசிய தடம். இன்ஜின் துருப்பிடித்ததுபோல இறுகிக் கிடந்தது.

மணல்மேட்டை எப்படித் தாண்டினீர்கள் என்று வினோத்தைக் கேட்டேன். அக்காவின் கணினிகளை 'டிவிப் பொட்டி' என்று கிண்டல் செய்கிறவன் அவன், அந்த அறைக்கு ஏறிப்போனதுகூட இல்லை.

"மழையில ஒண்ணுமே தெரியலக்கா, வெள்ளையா கீது. போட் ஓரத்துல ஒருத்தன் கொரலு. 'வேலை இருக்கா, வேலை இருக்கா'ன்றான். கூலிக்காரன் கேப்பானே, அந்த மாதிரி. ரஃபி கலாய்க்கிறான்னு ஒதைச்சேன், அவன் தூங்கறான். பயத்துல, 'கீதுப்பா, எங்கள கரைக்கு இழுத்து வுடு'ன்னேன். அவ்ளோதான். போட் அசைஞ்சுது."

"ஆளைப் பார்த்தாயா?"

"இல்ல. மூச்சு வாங்கற சத்தம் மட்டும். மணல்மேட்டுல ரொம்ப மூச்சு வாங்கிச்சு."

மேகலா கையிலிருந்த போனைப் படகின் பலகையில் கவிழ்த்து வைத்தாள்.

பசியிலும் குளிரிலும் மனிதர்களுக்குக் குரல் கேட்கும், அது எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு குப்பமாகப் போய், அன்று மழையில் யாராவது ஒரு படகைத் தள்ளிவிட்டீர்களா என்று கேட்டேன். அந்த மழையில் எவன் வெளியே வருவான் என்று சிரித்தார்கள். ரஃபியைத் தனியாகப் பிடித்தேன். காற்றுச் சத்தம்தான் என்றான். நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்தான்.

"நான் தூங்கலக்கா. கண்ண மூடிக்கினேன். வினோத்து கிட்ட சொல்லிடாதீங்க."

எதைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடினாய் என்று கேட்டேன். திரும்பி நடந்துவிட்டான். அவன் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை, காட்டுப்பள்ளியில் துறைமுக வேலைக்குப் போகிறான். வினோத் போகிறான்.

கடன் வாங்கிய கணினிகள் நேரம் முடிந்து போய்விட்டன. மின்சாரம் வந்ததும் மேகலா மிச்சமிருந்த வேலைகளையெல்லாம் ரத்து செய்துவிட்டுப் பட்டியலைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய பழைய கணினிகள் சும்மா நின்றன. அவற்றுக்குக் கீழே அது மட்டும் இருந்தது, வேலை செய்துகொண்டு. அந்த வேலையை அவள் கொடுக்கவில்லை. யார் கொடுத்தது என்ற இடம் காலியாக இருந்தது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வரைபடத்தில் வெகுதூரம் கிழக்கே, ஊர்ப் படகுகள் போகவே போகாத ஆழத்தில் ஒரு புள்ளி. நகர்வதே கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாகக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தக் குப்பத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் சில உண்டு. சில பெண்கள் இன்னும் பொட்டை எடுக்கவில்லை. அவர்கள் யாரிடமும் நாங்கள் இதைச் சொல்லவில்லை.

"நிறுத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"ஒரு வரி அடிச்சா நின்னுடும்க்கா. அன்னிக்கு மாதிரி மறுபடி வந்து கேக்குமான்னு தெரியல." விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். "யார இழுத்துக்கினு வருதோ. நடுக்கடல்ல வுட்டுட்டா?"

நான் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. போன வாரம் போயிருந்தேன். புள்ளி நான் முன்பு பார்த்த இடத்தில் இல்லை, கரைப்பக்கம் இன்னும் நெருங்கி வந்திருந்தது.